கோப்புகள் மேகத்துக்குப் போகும் முன்

பள்ளி அலுவலகக் கணினி பெரும்பாலும் மேசைக்குக் கீழே, தரையில்தான் இருக்கிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நான் பணியாற்றிய பள்ளிகள் எதிலும் அதன் இடம் மாறியதில்லை. மாற்றுச் சான்றிதழ் விவரங்கள், மதிப்பெண் பட்டியல்கள், மதிய உணவுக் கணக்கு, உதவித்தொகைப் பெயர்ப் பட்டியல், பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆண்டு விழாப் படங்கள் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கும். சேர்க்கைப் பதிவேடு இரும்புப் பீரோவில் பூட்டியிருக்கும். கணினியோ காலில் இடறும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணை வழியே வந்து பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயல் காற்றால் அடித்தது. இது நீரால் அடித்தது. எங்கள் பள்ளியில் அலுவலக வாசற்படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தால் அந்தப் பெட்டி மூழ்கியிருக்கும். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் தலைமையாசிரியர் என்னிடம், “சார், இதையெல்லாம் ஆன்லைனில் ஏற்றிவிட முடியாதா?” என்று கேட்டார். முடியும் என்றேன். ஏற்றுவது எளிதாகத்தான் இருந்தது. ஏற்றுவதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகளுக்குத்தான் ஒரு பருவம் முழுவதும் ஆனது. அவற்றைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நிறுவனங்களில் இத்தகைய கணினிக்கு ‘ஃபைல் சர்வர்’ என்று பெயர். ஓர் அறையில் ஒரு பெரிய கணினி இருக்கும். மற்றக் கணினிகள் கம்பி வழியே அதிலுள்ள கோப்புறைகளைத் திறந்து வேலை செய்யும். நம் பள்ளிகளில் அந்தப் பெயர் இல்லையே தவிர, வேலை அதுதான். அலுவலகக் கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து வைக்கிறோம். கணினி ஆய்வகத்திலிருந்தும் அதையே திறக்கிறோம். கம்பி போகாத இடத்துக்குப் பென் டிரைவ் போகிறது, பல நேரம் வைரஸையும் கூட்டிக்கொண்டு. இப்பெட்டிகளில் பல இன்னும் விண்டோஸ் 7, விண்டோஸ் 10 ஆகியவற்றில் ஓடுகின்றன. முன்னதற்கு 2020 ஜனவரியிலும் பின்னதற்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. வெள்ளம் வராவிட்டாலும் இவற்றை நம்பியிருக்கும் காலம் முடிந்துவிட்டது.

மேகமும் ஒரு கட்டடமே

‘கிளவுட்’ என்ற சொல்லை மேகம் என்று தமிழாக்கியதில் ஒரு சிக்கல் உண்டு. கோப்பு வானத்தில் பத்திரமாக மிதக்கிறது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆசிரியர்களிலும் சிலர் அப்படியே நினைக்கிறார்கள். நம் கோப்பு வேறொருவருடைய கட்டடத்தில், வேறொருவருடைய கணினியில் இருக்கிறது என்பதுதான் உண்மை. அந்தக் கட்டடத்தில் குளிரூட்டும் கருவிகளும் மின்கலங்களும் காவலாளியும் உண்டு. தீயும் பிடிக்கலாம்.

தென்கொரியாவில் பிடித்தது. தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று லித்தியம் மின்கலத்தில் ஏற்பட்ட தீ பரவியது. நூற்றுக்கணக்கான அரசு இணையச் சேவைகள் நின்றன. அவற்றுள் பலவற்றுக்கு வேறிடத்தில் நகல் இருந்ததால் படிப்படியாக மீண்டன. மீளாதது அரசு ஊழியர்களின் பகிர்வுச் சேமிப்பகம். ‘ஜி-டிரைவ்’ என்று பெயர். கூகுளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சொந்தக் கணினியில் வைக்காதீர்கள், எல்லாவற்றையும் இதில் வையுங்கள் என்று அறிவுறுத்தப்பட்டு ஊழியர்கள் சேர்த்த 858 டெராபைட் அது. அளவு மிகப் பெரியது என்ற காரணத்தால் அதற்கு வெளியே நகல் எடுக்கப்படவில்லை. எல்லாம் சாம்பல்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் ‘யூனிசூப்பர்’ என்ற ஓய்வூதிய நிதியத்தின் மேகக் கணக்கு, கூகுள் தரப்பில் நிகழ்ந்த ஓர் அமைப்புப் பிழையால் முழுதாக அழிந்தது. இரண்டு இடங்களில் நகல் இருந்தும் இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருந்ததால் சேர்ந்தே போயின. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் கணக்கு விவரங்கள் மீண்டதற்கு, வேறொரு நிறுவனத்திடம் தனியாக ஒரு நகல் வைத்திருந்தது பெரிதும் உதவியது.

ஆகவே மேகத்துக்கு மாற்றுவது நல்லதா, கெட்டதா என்று விவாதிப்பதில் பயனில்லை. தரையில் கிடக்கும் பெட்டியை விட அது நல்லதுதான். ஆனால் அது ஓர் இடம் மட்டுமே. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில் என்று அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ வகுத்த எளிய கணக்கு உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. நம் பள்ளிக்கு அதன் பொருள்: கணினியில் ஒன்று, பீரோவின் மேல் தட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, மேகத்தில் ஒன்று.

ஒத்திசைவு வேறு, நகல் வேறு

ஆசிரியர்களுக்கு நான் முதலில் விளக்கிக் காட்டியது இதைத்தான். கூகுள் டிரைவ், ஒன் டிரைவ் போன்றவற்றைக் கணினியில் நிறுவும்போது அவை செய்வது ஒத்திசைவு. இங்கே ஒரு வரி மாற்றினால் அங்கேயும் மாறும். அப்படியானால் இங்கே அழித்தால்?

எங்கள் பகுதியில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். ஆய்வகக் கணினியில் இடம் போதவில்லை என்று ஒருவர் பழைய கோப்புறை ஒன்றை அழித்தார். ‘அதுதான் ஆன்லைனில் இருக்கிறதே’ என்பது அவர் எண்ணம். அந்தக் கணினி, அலுவலகக் கணினி, தலைமையாசிரியரின் மடிக்கணினி மூன்றும் ஒரே கணக்கில் ஒத்திசைந்திருந்தன. மூன்றிலிருந்தும் மேகத்திலிருந்தும் கோப்புறை ஒரே நேரத்தில் போய்விட்டது. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்கள் வைத்திருக்கும். பள்ளியில் தெரிய வந்தது ஏழாவது வாரத்தில், ஒரு பழைய மாணவர் சான்றிதழ் கேட்டு வந்தபோது. நல்ல வேளை, தாள் பதிவேடு இருந்தது. கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இதை வகுப்பறையிலும் காட்டலாம். எட்டாம் வகுப்பில் நான் செய்தது: இரண்டு மாணவர்களை நோட்டுகளுடன் எதிரெதிரே நிற்க வைத்தேன். ஒருவர் எழுதுவதை மற்றவர் அப்படியே எழுத வேண்டும். ஒருவர் அடித்தால் மற்றவரும் அடிக்க வேண்டும். மூன்றாவது மாணவி வெள்ளிக்கிழமை மட்டும் வந்து பார்த்து எழுதிக்கொண்டு நோட்டைத் தன் பைக்குள் வைத்துவிடுவார். பிறகு முதல் மாணவரிடம் ஒரு பக்கம் முழுவதையும் அடிக்கச் சொன்னேன். “யாரிடம் கேட்டால் பழையது கிடைக்கும்?” மூன்றாவது மாணவியின் பையை எல்லோரும் கைகாட்டினார்கள். ஒத்திசைவுக்கும் நகலுக்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கோப்பு யாருடையது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

அலுவலகக் கணினியில் இருந்தவரை கோப்பு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. பெட்டி பள்ளியுடையது, உள்ளே இருப்பதும் பள்ளியுடையது. மேகத்தில் அப்படி இல்லை. எந்தக் கணக்கில் உருவானதோ அந்தக் கணக்குக்காரர்தான் உரிமையாளர். நீங்கள் உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை உருவாக்கிப் பத்து ஆசிரியர்களுக்குப் பகிர்ந்தால், பத்துப் பேரும் எழுதலாம், உடைமை உங்களுடையது. நீங்கள் அழித்தால் பத்துப் பேருக்கும் இல்லை.

நம் யூனியன் பிரதேசத்தில் இதன் விளைவு மற்ற இடங்களை விடக் கூடுதல். இங்கே இடமாறுதல் என்றால் பக்கத்துக் கிராமம் மட்டுமல்ல, காரைக்காலும் உண்டு. கணினி வேலை தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருப்பார். பள்ளியின் எல்லாப் பட்டியலும் அவர் கணக்கில் இருக்கும். அவர் மாறுதலாகிப் போனதும் எழுத்தர் தொலைபேசியில் அழைப்பார். “சார், லிங்க் திறக்க மாட்டேங்குது, அனுமதி கேளுங்கன்னு வருது.” அவர் நல்லவர், உடனே அனுமதி தருவார். ஓய்வு பெற்றுவிட்டால்? கைப்பேசி எண்ணை மாற்றிக் கடவுச்சொல்லையும் மறந்துவிட்டால்? இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023-இல் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. ஒருவர் கடமையுணர்வோடு செய்த வேலையே பள்ளியின் நினைவை அவரோடு கட்டிப்போட்டுவிடுகிறது. இதில் அவர் குற்றம் ஏதும் இல்லை. பள்ளிக்கென்று ஒரு கணக்கு இல்லாததுதான் காரணம்.

நிறுவனங்கள் இதைத் தீர்த்த விதம், கோப்புகளை எவர் பெயரிலும் வைக்காமல் அமைப்பின் பெயரில் வைப்பது. கூகுளின் கல்விக் கணக்கில் இதற்கென்றே ‘பகிர்வு இயக்ககம்’ உண்டு. உறுப்பினர் வெளியேறினாலும் கோப்பு அங்கேயே இருக்கும். மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் வொர்க்டிரைவ் ஆகியவற்றிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோ தளத்துக்கு மாற்றப்பட்டிருப்பதை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். அரசு முகவரி அதிகாரியுடையது அல்ல, அலுவலகத்துடையது என்ற அதே கருத்துதான் இங்கும்.

துறை வழங்கும் அலுவல் கணக்கு இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இல்லாத நிலையில், தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலுடன் பள்ளியின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கலாம். இலவசக் கணக்கில் 15 ஜிபி மட்டுமே. மின்னஞ்சல், படங்கள், கோப்புகள் மூன்றுக்கும் சேர்த்து. இலவசம் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாச் சேமிப்பு என்றிருந்த சலுகையைக் கூகுள் 2021-இல் திரும்பப் பெறுவதாக அறிவித்து, 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்று வரம்பிட்டது. பெரிய பல்கலைக்கழகங்களே கோப்புகளைக் கழிக்க வேண்டியதாயிற்று.

பழைய எழுத்துரு

எங்களுக்கு எதிர்பாராத வேலை வைத்தது தமிழ்தான். 2005 முதல் 2015 வரையிலான கோப்புகளில் பெரும்பகுதி வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அலுவலகக் கணினியில் அந்த எழுத்துரு நிறுவப்பட்டிருந்ததால் தமிழாகத் தெரிந்தன. மேகத்தில் ஏற்றித் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த குப்பை. கோப்பு கெட்டுப்போகவில்லை. அதற்குள் இருப்பது எப்போதுமே ஆங்கில எழுத்துகளின் எண்கள்தாம்; அந்த எண்களுக்குத் தமிழ் வடிவம் போர்த்தியது எழுத்துரு. போர்வையை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் ஊருக்கு அனுப்பிய கதை.

யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்கள் உண்டு என்பதால் எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழாகவே தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. ஆனாலும் பழக்கம் அலுவலகங்களில் இன்னும் பல ஆண்டுகள் நீடித்தது. இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது: மேகச் சேமிப்பின் பெரிய பயன் தேடல். ‘உதவித்தொகை’ என்று தட்டினால் அச்சொல் உள்ள கோப்புகள் எல்லாம் வரும். பாமினிக் கோப்பு எதுவும் வராது.

மாற்றுவதற்கு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் ஆங்கிலப் பெயர்களும் முன்னெழுத்துகளும் தமிழ் எழுத்துகளாக மாறி நிற்கும். பிறந்த தேதியும் பெயரும் உள்ள பட்டியலில் இது விளையாட்டல்ல. எங்கள் தமிழாசிரியை ஒரு நல்ல யோசனை சொன்னார்: “சார், எல்லாத்தையும் மாத்த வேண்டாம். சான்றிதழுக்கு அடிப்படையா இருக்கற பட்டியலை மட்டும் மாத்தி, பதிவேட்டோட ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவோம். மத்ததைப் பி.டி.எஃப். ஆக்கி வைப்போம்.” அப்படியே செய்தோம். எழுத்துரு உள்ள பழைய கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கினால் எழுத்துருவும் அதற்குள் போய்விடும். தேட முடியாவிட்டாலும் படிக்க முடியும்.

நம் பாகூருக்கே ஒரு கல்வி ஆவணம் உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து, ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு. இவ்வூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததை அது பதிவு செய்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் செம்பு அழியாமல் கிடந்தது. ஆனால் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் கைக்கு வந்த பிறகே அதற்குப் பொருள் கிடைத்தது. நம் பாமினிக் கோப்புகளுக்கு இருபது ஆண்டுக்குள்ளேயே அந்த நிலை வந்துவிட்டது.

ஒன்பது மணி நேரக் கணக்கு

எங்கள் பெட்டியில் மொத்தம் 40 ஜிபி இருந்தது. ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? இதை எட்டாம் வகுப்புக் கணிதப் பாடமாக்கினேன். இணைப்புக்காரர் சொல்லும் வேகம் மெகாபிட்டில். கோப்பின் அளவு பைட்டில். ஒரு பைட்டுக்கு 8 பிட். மேலேற்றும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால், 40 ஜிபி என்பது 3,20,000 மெகாபிட். 10-ஆல் வகுத்தால் 32,000 நொடி. ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நடுவில் மின்சாரம் போனால்? மாணவர்களே கேட்டார்கள். நேர் விகிதம், எதிர் விகிதம், அலகு மாற்றம் மூன்றும் ஒரே கணக்கில் வந்தன. இறக்கும் வேகமும் ஏற்றும் வேகமும் வேறு என்பது பலருக்குப் புதிய செய்தி.

பிறகு கோப்புகளைக் கழித்தோம். ஒரே ஆண்டு விழாவின் படங்கள் நான்கு கோப்புறைகளில் இருந்தன. ‘பட்டியல் புதியது’, ‘பட்டியல் கடைசி’, ‘பட்டியல் கடைசி சரியானது’ என்று மூன்று கோப்புகள். எது சரி என்று எழுத்தரம்மாவுக்கு மட்டும் தெரியும். இனி பெயர் ஆண்டில் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தோம்: 2024-25, வகுப்பு, பொருள், நாள். வரிசை தானாக அமையும். கழித்தபின் மிஞ்சியது 11 ஜிபி. இரண்டரை மணி நேரத்துக்குள் ஏற்றிவிடலாம் என்று மாணவர்கள் கணக்கிட்டார்கள். நடைமுறையில் இரண்டு மாலைகள் ஆயின.

யார் பார்க்கலாம்?

‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற ஒரு தெரிவு இருக்கிறது. வசதியானது, வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் யாருக்கும் அனுமதி கேட்கும் தொல்லை இல்லை. அந்த லிங்க் பெற்றோர் குழுவுக்கும் அங்கிருந்து வேறெங்கும் போகலாம் என்பதை நினைப்பதில்லை. மதிய உணவுப் பட்டியலுக்கு அது பொறுக்கும். ஆதார் எண், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் உள்ள உதவித்தொகைக் கோப்புறைக்கு? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. நம் மாணவர்களில் ஏறத்தாழ எல்லோரும் அதில் அடங்குவர். பீரோ சாவியை வாசலில் தொங்கவிடாத நாம் இதைத் தொங்கவிடக் கூடாது.

எங்கள் பள்ளியில் மூன்று அடுக்கு வைத்தோம். பாடக் குறிப்பு, வினாத்தாள் வங்கி எல்லா ஆசிரியர்களுக்கும். மதிப்பெண் பட்டியல் அந்தந்த வகுப்பாசிரியருக்கும் தேர்வுப் பொறுப்பாளருக்கும். சான்றிதழ், ஆதார், வங்கி விவரம் தலைமையாசிரியருக்கும் எழுத்தருக்கும் மட்டும். அதில் எனக்கே அனுமதி இல்லை. ‘கணினி பார்க்கிறவர் நீங்கதானே சார்’ என்று சிலர் வியந்தார்கள். ஏற்றிக் கொடுப்பவர் படிப்பவராக இருக்க வேண்டியதில்லை.

மாற்றம் முடிந்ததும் பழைய பெட்டியை உடனே காலி செய்யவில்லை. ஒரு பருவம் அதைத் திறந்து பார்க்க மட்டும் அனுமதித்து, புதிதாக எதையும் அதில் எழுதாமல் வைத்தோம். இரண்டு இடத்திலும் எழுதினால் எது உண்மை என்ற பழைய வழக்கு திரும்ப வரும். மாதத்தின் கடைசி வெள்ளியன்று எழுத்தர் ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எடுக்கிறார். எடுத்ததும் கம்பியைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை நான் ஏதாவது ஒரு கோப்பின் பெயரைச் சொல்வேன். அவர் அதை ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்துத் திறந்து காட்ட வேண்டும். முதல் முறை இருபது நிமிடம் ஆனது, இப்போது மூன்று நிமிடம்.

கடைசியாகச் செய்தது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தது. தலைமையாசிரியர் மாறும்போது பீரோ சாவி, பதிவேடுகள், இருப்புப் பொருள்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம் அல்லவா? அதில் ‘பள்ளியின் மேகக் கணக்கு: கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில், மீட்புக் கைப்பேசி எண் மாற்றப்பட்டது’ என்பதும் இப்போது உண்டு. இந்தக் கைப்பேசி எண் முக்கியம். கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும், சரிபார்ப்பு எண் மாறுதலாகிப் போனவரின் பழைய கைப்பேசிக்குத்தான் போகும். எங்கள் பள்ளியில் அதற்கென்று பள்ளியின் பெயரில் ஒரு சிம் வாங்கி, சாதாரணப் பொத்தான் கைப்பேசி ஒன்றில் போட்டு, அதே பீரோவில் வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை தோறும் அதற்குச் சார்ஜ் போடுவது அலுவலக உதவியாளர் அண்ணனின் வேலை.